கதவுக்கு இந்தப் பக்கம்

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. போன வருடம் வரை பள்ளியிலிருந்து வந்ததும் என் பின்னாலேயே நடந்து அன்றைய கதையை முழுக்கச் சொல்லி முடிப்பாள். இப்போது எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா". அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே தோழியோடு போனில் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. "வயசு அப்படி" என்கிறார் என் கணவர். அவளுக்காக வேலையை விட்டவள் நான். எங்கே தவறிவிட்டேன்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை அதிகம் குத்துவது அந்தச் சிரிப்புச் சத்தம்தான் என்று தோன்றுகிறது. நமக்கு "ஒண்ணுமில்ல", மற்றவர்களுக்குச் சிரிப்பு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே குரல்களைக் கேட்கவைத்தார்கள். 12 வயது வரையுள்ளவர்களின் மூளை அம்மாவின் குரலைக் கேட்டதும் அதிகம் மலர்ந்தது. 13 வாக்கில் அது மாறி, பழக்கமில்லாத குரல்கள் முந்திக்கொண்டன. வெளி உலகத்துக்குக் காது திறக்கிற வயது அது. உங்கள் வளர்ப்பில் குறை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, காரணம் தெரிந்தால் வலி போய்விடுமா? எனக்குப் போகவில்லை. ஒருநாள் காலையில் என் செருப்பைக் காணாமல் வீடு முழுக்கத் தேடினேன். பையன் போட்டுக்கொண்டு போயிருந்தான். சாயங்காலம் கேட்டால், "உங்களுதா? எனக்குச் சரியா இருந்துச்சே" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை. அவன் வளர்ந்தது சந்தோஷம்தான். எனக்கு வயதானது அப்போதுதான் உறைத்தது.

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர் 200-க்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து இதைத்தான் சொன்னார்: பிள்ளையின் பருவ மாற்றம் பெற்றோரின் நடுவயதைக் கிளறிவிடுகிறது. பெரும்பாலும் அம்மாவை மகளும் அப்பாவை மகனும்தான் அதிகம் அசைக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே மனம் ஒன்றிச் செய்ய ஒரு வேலையோ ஈடுபாடோ இருப்பவர்கள் அதைச் சற்று எளிதாகக் கடக்கிறார்கள்.

வேலையை விட்டதை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: அந்த வரிக்கான பதில் உங்கள் மகளிடம் இல்லை. அவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாலும் அந்த இடம் நிரம்பாது. பழைய வேலையோ புதிதாக ஏதாவதோ, உங்களுக்கென்று ஒன்றை இப்போதே தொடங்குங்கள். அவள் படித்து முடிக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பேச்சு முழுக்க நின்றுவிடுவதில்லை, நேரம்தான் மாறுகிறது. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது. நாம் கொட்டாவி விடும்போது அவர்கள் விழித்திருப்பார்கள். என் பையன் பதினொன்றரைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடியே, அன்றைக்கு யாருடன் சண்டை, யார் பேசவில்லை என்று சொல்வான். என் பக்கம் திரும்பவே மாட்டான். அந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் கதவை மூடச் சொல்லி ஒருமுறை வாயைக் கொடுத்தேன். மூடிவிட்டு அறைக்குப் போய்விட்டான். இப்போதெல்லாம் கரண்ட் பில் கூடினாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.