பிட்டம் கீழாக இருந்து பிறந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தலை திரும்பாமல் சிசேரியனில் பிறந்த பெண் குழந்தை, இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டுமா என்று. கட்டாயம் பாருங்கள். கடைசி மாதங்களில் வயிற்றில் அப்படி இருந்ததே பெரிய காரணம். சிசேரியன் ஆனதால் அது போய்விடாது. பெண், தலைச்சன், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவையும் சேரும்.

டாக்டர் காலை மடக்கி விரித்துப் பார்த்து சரி என்றாலும், 6 வார வாக்கில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே அப்போது உதவாது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இன்னும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் தெரியாது.

குளிப்பாட்டியதும் பாட்டி இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியில் இறுக்கிச் சுற்றுவார், அதை மட்டும் நைசாகத் தடுங்கள். கையைச் சுற்றட்டும், கால் தவளை மாதிரி மடங்கி விரிய இடம் வேண்டும். கழுத்து நின்றபின் இடுப்பில் கால் அகட்டி வைத்துத் தூக்குகிறோமே, அது மூட்டுக்கு நல்லதுதான்.