முதுசம், அதாவது பெற்றோர் வழிச் சொத்து, இல்லாதவனும் உழைத்தால் முன்னேறலாம்தானே?

உழைப்பு ஒரேயளவு என்றாலும் முன்னேற்றம் ஒரேயளவு இராது. இலங்கையின் வடக்கே வன்னியில் இது கண்ணுக்கு முன்னால் தெரிகிற விஷயம்.

இரணைமடுக் குளத்து வாய்க்காலின் கீழ் வயலுள்ள வீட்டுக்குத் தண்ணீர் இருந்தால் கோடையில் விதைக்கும் சிறுபோகமும் உண்டு. மானாவாரிக்காரருக்கு மாரியில் விதைக்கும் காலபோகம் மட்டும்தான், அதுவும் மழையை நம்பி. குத்தகைக்குச் செய்பவரோ அறுத்ததில் முதலில் காணிக்காரருக்கு அளக்க வேண்டும். பிறகு உரக்கடைக் கடன், மெசின் கூலி. மிஞ்சினால்தான் பிள்ளையின் ரியூசன் காசு. ஒரு போகம் வெள்ளத்தில் போனால் சொந்த வயல்காரர் எப்படியோ அடுத்ததை விதைப்பார், இவர் மனைவியின் தோட்டை அடகு வைப்பார்.

காகிதமும் முதுசம்தான். இங்கே பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிற் காணிகள், அதாவது அனுமதிப்பத்திரத்தோடு அரசு கொடுத்தவை. நினைத்தபடி விற்கவோ பிரிக்கவோ முடியாது. ஒரு பிள்ளையின் பெயருக்குப் போனால் மற்றவர்கள் வெறுங்கையோடுதான். யுத்த இடப்பெயர்வில் பெர்மிற்றைத் தொலைத்த குடும்பங்களின் பாடு இன்னும் மோசம்.

இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைத்தது 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் உண்டு. அதைச் சலுகை என்று இகழ்வதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு எட்டாது. பெற்றோர் சேர்த்ததைப் பறிக்கச் சொல்லவில்லை, அந்த ஆசிரியரை முதலில் அனுப்புங்கள் என்கிறேன்.