ரியல் ஐடி எடுக்கலாமா, பாஸ்போர்ட்டே போதுமா? எச்1பி குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். நான் எச்1பி (வேலை விசா), மனைவி எச்4 (எச்1பி ஆளோட குடும்பத்துக்கான விசா), அவங்களுக்கு ஈஏடி, அதாவது வேலை செய்யற அனுமதி கார்டு, இல்ல. என் லைசென்ஸ் இந்த வருஷம் ரினியூவலுக்கு வருது. ரியல் ஐடி இல்லன்னா ஃப்ளைட்ல ஏத்தவே மாட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பக்கத்து வீட்டு அண்ணன், அது சிட்டிசனுக்கு மட்டும்தான், நமக்கு குடுக்க மாட்டாங்கன்னு சொல்றார். டிசம்பர்ல ஊர்ல இருந்து அப்பா அம்மா வராங்க, எல்லாருமா லாஸ் வேகாஸ் போறோம். இதுக்காக அலையறது வொர்த்தா?

பதில்:

ஆபீஸ்ல சொன்னதும் தப்பு, அண்ணன் சொன்னதும் தப்பு. ரியல் ஐடி இல்லாமலும் ஏத்துவாங்க, எச்1பிக்கும் அந்த கார்டு கிடைக்கும். ஆனா உங்க கேஸ்ல நான் எடுத்துக்கோங்கன்னுதான் சொல்லுவேன், அதுக்கு காரணம் ஏர்போர்ட் பயம் இல்ல, வேற ஒண்ணு, வரேன்.

மொதல்ல இது என்னன்னு சுருக்கமா பாத்துடலாம். ரியல் ஐடின்னா ஃபெடரல் தரத்துக்கு ஏத்த மாதிரி ஸ்டேட் குடுக்கற லைசென்ஸ் இல்லன்னா ஐடி கார்டு. 9/11க்கு அப்புறம் அமைச்ச விசாரணை கமிஷன், ஸ்டேட் குடுக்கற லைசென்ஸுக்கு ஒரு பொதுத் தரம் வேணும்னு சொல்லிச்சு, 2005ல சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு 20 வருஷம் கழிச்சு 2025 மே 7ல இருந்துதான் ஏர்போர்ட்ல அமலுக்கு வந்துச்சு. கார்டோட மேல் பக்கம் ஒரு நட்சத்திரம் இருக்கும், கலிஃபோர்னியான்னா ஒரு கரடிக்குள்ள நட்சத்திரம். நியூ ஜெர்சியோட சாதா லைசென்ஸ்ல இது ரியல் ஐடி தேவைகளுக்கு செல்லாதுன்னு அச்சடிச்சே குடுக்கறாங்க. இந்த கார்டு கேக்கற இடம் மூணே மூணுதான், உள்நாட்டு விமானம், ஐடி கேக்கற ஃபெடரல் கட்டடங்கள், அணுமின் நிலையம். வண்டி ஓட்ட, ஆஸ்பத்திரி போக, போஸ்ட் ஆபீஸ் போக, புது வேலைல சேர, எதுக்கும் வேண்டாம், சாதா லைசென்ஸே போதும். அதே மாதிரி ரியல் ஐடிய காட்டி கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போக முடியாது. நயாகரா போற கூட்டத்துல வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இத கேட்பாங்க.

இப்ப ஏர்போர்ட் விஷயம். ஏர்போர்ட் செக்யூரிட்டிய பாத்துக்கற டிஎஸ்ஏ ஏத்துக்கற ஐடி லிஸ்ட்ல ரியல் ஐடி ஒண்ணு, அவ்ளோதான். வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் அதே லிஸ்ட்ல இருக்கு, அதாவது நம்ம இந்திய பாஸ்போர்ட் தாராளமா செல்லும். க்ரீன் கார்டு செல்லும், ஈஏடி கார்டு செல்லும், குளோபல் என்ட்ரி கார்டு செல்லும். 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க பெரியவங்களோட உள்நாட்டுல போனா டிஎஸ்ஏ ஐடியே கேக்காது. உங்க அப்பா அம்மாவுக்கு அவங்க பாஸ்போர்ட்தான் ஐடி, ஆதார் எடுத்துட்டு வந்து காட்டி பிரயோஜனம் இல்ல, பாஸ்போர்ட்ட ஹோட்டல் ரூம்ல வெச்சுட்டு ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு கிளம்பிடாம மட்டும் பாத்துக்கோங்க. ஒண்ணுமே கையில இல்லாம போய் நின்னா என்ன ஆகும்னா, 2026 பிப்ரவரி 1ல இருந்து 45 டாலர் கட்டி கன்ஃபர்ம் ஐடின்னு ஒரு சரிபார்ப்பு பண்ணலாம், கட்டினா 10 நாளைக்கு செல்லும், ஆனா கட்டிட்டதால கண்டிப்பா உள்ள விடுவாங்கன்னு எந்த உத்தரவாதமும் இல்ல, ஃப்ளைட் போயிடுச்சுன்னா அது உங்க பாடு.

அப்போ பாஸ்போர்ட் இருக்கே, எதுக்கு அலையணும்னு கேப்பீங்க. அந்த பாஸ்போர்ட்டுக்காகத்தான் சொல்றேன். அதுல எச்1பி விசா ஸ்டாம்ப் ஒட்டியிருக்கு. வேகாஸ்ல ஒரு பஃபேலயோ டாக்சிலயோ அத தொலைச்சீங்கன்னா போலீஸ் ரிப்போர்ட், நியூயார்க்ல இருக்கற இந்திய கான்சுலேட், புது பாஸ்போர்ட், இதெல்லாம் கூட எப்படியோ சமாளிச்சிடலாம், ஆனா போன விசா ஸ்டாம்ப்ப இங்க உக்காந்து திரும்ப வாங்க முடியாது, நாட்ட விட்டு வெளிய போய், பொதுவா நம்ம ஊர்ல இருக்கற அமெரிக்க கான்சுலேட்ல திரும்ப அப்ளை பண்ணணும், சென்னைல ஸ்லாட் கிடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? லைசென்ஸ் தொலைஞ்சா சின்ன ஃபீஸ் கட்டி டூப்ளிகேட் வாங்கிக்கலாம். அதனால எத வீட்ட விட்டு வெளிய எடுத்துட்டு போறோம்ங்கறதுதான் இங்க கேள்வி, எச்1பி ஆளுக்கு பதில் லைசென்ஸ்தான். கூட ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கும் எந்த தேதி வரைக்கும் தங்கலாம்ங்கறதுக்கும் பதிவு) பிரிண்ட் ஒண்ணு பர்ஸ்ல இருக்கட்டும், 18 வயசு ஆன வெளிநாட்டவர் பதிவுக்கான ஆதாரத்த எப்பவும் கையில வெச்சிருக்கணும்னு சட்டம், நமக்கு அது ஐ-94.

இதே கேள்விய க்ரீன் கார்டு வெச்சிருக்கறவர் கேட்டிருந்தா, அவசரமே இல்ல, ரினியூவல் வரும்போது பாத்துக்கோங்கன்னு சொல்லியிருப்பேன், ஏன்னா அவங்க அந்த கார்ட எப்படியும் கூடவே வெச்சிருக்கணும், அதே கார்டுதான் டிஎஸ்ஏலயும் செல்லும். சிட்டிசன் ஆனவங்களுக்கு பாஸ்போர்ட் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, மொத தடவன்னா மொத்தம் 65 டாலர், பர்ஸ்ல அடங்கும், லைசென்ஸ் குடுக்கற ஸ்டேட் ஆபீஸான டிஎம்வி கியூல நிக்க பிடிக்காதவங்களுக்கு அது நல்ல வழி.

ப்ரைவசி போயிடும், நேஷனல் ஐடி ஆயிடும்னு ஒரு எதிர்ப்பு ரொம்ப நாளா இருக்கு, 2007லயே மெய்ன் ஸ்டேட் சட்டசபை இத ஏத்துக்க மாட்டோம்னு தீர்மானம் போட்டுச்சு. அமெரிக்கர்கள் அத பேசறதுல நியாயம் இருக்கு. ஆனா விசா இன்டர்வியூலயே பத்து விரல் ரேகையையும் குடுத்துட்டு வந்த நமக்கு லைசென்ஸ்ல மறைக்க என்ன மிச்சம் இருக்கு!

சரி, எப்ப போறது? இதுலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் கோட்ட விடறாங்க. விசால இருக்கறவங்களுக்கு குடுக்கற ரியல் ஐடி, உங்க தங்கும் அனுமதி என்னைக்கு முடியுதோ அன்னைக்கே முடியும். ஐ-94ல இன்னும் மூணு மாசம்தான் பாக்கின்னா மூணு மாச கார்டுதான் கைக்கு வரும், அதே லைன்ல திரும்ப நிக்கணும். எக்ஸ்டென்ஷன் ஃபைல் பண்ணியிருந்தா அப்ரூவல் வந்தப்புறம் போங்க, ஐ-797ங்கற அப்ரூவல் நோட்டீஸ் கீழ புது ஐ-94 ஒட்டி வரும், அது வரைக்கும் லைசென்ஸ் உயிரோட இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. சமீபத்துல ஊருக்கு போயிட்டு வந்திருந்தா எல்லைல சோதனை பண்ற சிபிபியோட சைட்ல இருக்கற ஐ-94தான் கடைசி பேச்சு, அத இன்னைக்கே எடுத்து பாருங்க, ஏன்னா பாஸ்போர்ட் சீக்கிரம் முடியறதா இருந்தா ஏர்போர்ட் ஆபீசர் எச்1பி அப்ரூவல் முடியற தேதி வரைக்கும் குடுக்காம பாஸ்போர்ட் தேதி வரைக்கும்தான் ஐ-94 போடுவார், நிறைய பேருக்கு இது டிஎம்வி கவுன்டர்ல நிக்கும்போதுதான் தெரிய வருது, அது லைசென்ஸ விட பெரிய பிரச்சினை, உடனே வக்கீல்கிட்ட பேசணும்.

ஸ்டாம்ப் பத்தி ஒண்ணு. ஃபெடரல் விதில காலாவதி ஆகாத விசா ஒட்டின பாஸ்போர்ட், கூட ஐ-94ன்னுதான் எழுதியிருக்கு. இங்கயே எக்ஸ்டென்ஷன் வாங்கி ஸ்டாம்ப் முடிஞ்சு போனவங்க நம்மள்ல ஏராளம், நீங்களும் அப்படின்னா உங்க ஸ்டேட் போட்டிருக்கற டாக்குமெண்ட் லிஸ்ட்ட வரி விடாம படிச்சுட்டு கிளம்புங்க, ஐ-797 ஒரிஜினலும் கையில இருக்கட்டும். அட்ரஸுக்கு ரெண்டு ஆதாரம் வேணும், ரெண்டும் வேற வேற இடத்துல இருந்து வந்ததா இருந்தா நல்லது. மனைவிக்கு இதுதான் சிக்கல், கரண்ட் பில், இன்டர்நெட் பில் எல்லாம் உங்க பேர்ல இருக்கும், அதனால லீஸ்ல அவங்க பேர சேருங்க, ஜாயின்ட் பேங்க் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் அவங்க பேரோட வர மாதிரி பண்ணுங்க. எச்4ல ஈஏடி இல்லன்னா பொதுவா எஸ்எஸ்என்னும் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்காது, தகுதி இல்லன்னு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வர சொல்லலாம், முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

அடுத்தது பேர். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு மட்டும்னே செஞ்ச மாதிரி ஒரு தொல்லை இது. நமக்கு இனிஷியலும் பேரும்தான், சர்நேம்னு ஒண்ணு கிடையாது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசால உங்க பேர் சர்நேம் இடத்துக்கு போயிடும், பேர் இடத்துல எஃப்என்யூன்னு, அதாவது பேர் தெரியலன்னு, போட்டுடுவாங்க. அது அப்படியே ஐ-94, எஸ்எஸ்என்னு போய், ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி நிக்கும், ஒண்ணுல அப்பா பேர் சர்நேம், இன்னொண்ணுல இனிஷியல் விரிஞ்சு நடுப்பேர். டிஎம்வி உங்க இமிகிரேஷன் ஸ்டேட்டஸ சேவ்ங்கற ஃபெடரல் சிஸ்டத்துல சரிபார்க்கும்போது இது மேட்ச் ஆகலன்னா அன்னைக்கு கார்டு கிடையாது, கூடுதல் சரிபார்ப்புக்கு போயிடும், அப்பறம் அந்த கேஸ் நம்பர வெச்சு ஆன்லைன்ல ஸ்டேட்டஸ் பாத்துட்டு காத்திருக்கணும். அதனால அப்பாயின்ட்மெண்ட் போடறதுக்கு முந்தியே பாஸ்போர்ட், ஐ-94, எஸ்எஸ்என் கார்டு மூணையும் மேஜைல பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க. கல்யாணத்துக்கு அப்புறம் பேர் மாத்தினவங்களுக்கு மேரேஜ் சர்டிஃபிகேட் கட்டாயம். சர்நேம் சேத்து பாஸ்போர்ட் ரீஇஷ்யூ பண்ணலாம்னு தோணும், நல்ல யோசனைதான், ஆனா அது நடக்கும்போது விசால பழைய பேர், பாஸ்போர்ட்ல புது பேர்னு கொஞ்ச நாள் ரெண்டுங்கெட்டானா இருக்கும், டிசம்பர் பயணத்துக்கு முன்னாடி அத தொடாதீங்க.

வேற ஸ்டேட்ல இருக்கற சொந்தக்காரங்க சொல்றத உங்களுக்கு அப்படியே எடுத்துக்காதீங்க. டெக்சாஸ்ல 2016 அக்டோபர்ல இருந்தே குடுக்கற லைசென்ஸ் ரியல் ஐடிதான், அங்க இருக்கறவங்க இது என்ன பெரிய விஷயமான்னு கேப்பாங்க. சியாட்டல்ல நேர்மாறு, 2025 மே மாசம் இது அமலுக்கு வந்தப்போ வாஷிங்டன் ஸ்டேட் குடுத்தது ரியல் ஐடிக்கு பதிலா செல்லற என்ஹான்ஸ்டு லைசென்ஸ் மட்டும்தான், அது சிட்டிசனுக்கு மட்டும், அதனால அங்க எச்1பில இருந்தவங்க பாஸ்போர்ட்டோடதான் சுத்த வேண்டியிருந்துச்சு. உங்க அண்ணன் கேட்ட கதை அங்க இருந்து வந்திருக்கலாம்.

நியூ ஜெர்சில மொத தடவ ரியல் ஐடிக்கு நேர்ல அப்பாயின்ட்மெண்ட் வேணும், ஸ்லாட் சீக்கிரம் தீரும், காலைல எழுந்ததும் சைட்ட பாருங்க, எடிசன் கிடைக்கலன்னா தூரமா இருக்கற சென்டரா இருந்தாலும் எடுத்துக்கோங்க. கவுன்டர்ல குடுக்கற தற்காலிக பேப்பர் லைசென்ஸ் டிஎஸ்ஏல செல்லாது, அசல் கார்டு தபால்ல வரணும். டிசம்பருக்குள்ள வரலன்னா இந்த ட்ரிப்புக்கு மட்டும் ரெண்டு பேரும் பாஸ்போர்ட்லயே போயிட்டு வாங்க, டிக்கெட்ல பேர எந்த ஐடிய காட்டப் போறீங்களோ அதுல இருக்கற மாதிரியே, எஃப்என்யூ இருந்தா அதையும் சேத்து, போடுங்க.