இரண்டே மாதத்தில் தொளதொளத்த நீச்சல் உடை

கேள்வி: 9 வயது மகளை ஏப்ரலில் நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். 900 ரூபாய்க்கு வாங்கிய உடை ஜூனுக்குள் தொளதொளத்துவிட்டது. பின்பக்கம் வலை மாதிரித் தெரிகிறது. தினமும் வாஷிங் மெஷினில் துவைத்து, மொட்டைமாடி வெயிலில்தான் காயப்போடுகிறேன். கடைக்காரர் மட்டமான துணியைக் கொடுத்துவிட்டாரா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்பட்டுக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. 20 வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். கோடை வகுப்பு முடியும்போது யாராவது ஒரு அம்மா இதே உடையோடு வந்து நிற்பார்.

அதை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். முடி மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்பான்டெக்ஸ். உடை உடம்போடு ஒட்டி நிற்பதே அந்த இழையால்தான். குளத்தில் கிருமிக்காகப் போடும் குளோரின் முதலில் அரிப்பதும் அதைத்தான். சூடு சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

குளத்தில் இறங்கும் முன் ஷவரில் உடையோடு நன்றாக நனையச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் ஊறிய துணி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். கரையேறியதும் அங்கேயே ஒருமுறை அலசிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து அலசிக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைப்பதுதான் பெரிய தப்பு. என் மகனின் உடை அப்படி ஒரு ராத்திரி பையிலேயே கிடந்து கரும்புள்ளி பிடித்தது, கடைசிவரை போகவில்லை.

வீட்டில் பக்கெட் பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டுக் கையால் அலசினால் போதும். பிரஷ், பிளீச்சிங், வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். அப்புறம் நிழலில் காயட்டும்.

பின்பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சொரசொரப்பான சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து சறுக்குவது. துண்டு விரித்து உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது மிருதுவாக இருக்கும், ஆனால் தினசரிப் பயிற்சியைத் தாங்காது. பாலியெஸ்டரும் பிபிடியும் (PBT – இழுபடும் ஒருவகைப் பாலியெஸ்டர் இழை) கலந்தது கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் குளோரினை நன்றாகத் தாங்கும். தினமும் போகிற பிள்ளைக்கு நான் அதைத்தான் சொல்வேன். முடிந்தால் இரண்டாக வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இப்போதிருப்பதை இனிப் போடவேண்டாம். தொளதொளத்த உடைக்குள் தண்ணீர் புகுந்து பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும். உடையின் தோள்பட்டி நழுவினால் அதை இழுத்து விடுவதிலேயே அவள் கவனம் போய்விடும்.