கணினியில் ஆர்கெஸ்ட்ரா இசை அமைக்க விலை உயர்ந்த லைப்ரரி (நிஜ வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் தொகுப்பு) கட்டாயம் வாங்கணுமா?

வேண்டியதில்லை. நீங்களும் ஒரு 8 ஜிபி லேப்டாப், சின்ன மிடி கீபோர்டு (கணினியோடு இணைத்து வாசிக்கிறது) வைத்துக்கொண்டு, வயலின்கள் ஏன் கல்யாண மண்டபக் கீபோர்டு மாதிரியே கேட்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன்.

எங்களுக்குக் கோவை மாவட்டம், சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம், அந்தச் சத்தத்தில் ஹெட்போனை முழுக்க ஏற்றி வைத்துத்தான் இசையமைப்பேன். ரீப்பர் என்கிற இசைப்பதிவு மென்பொருளும், இலவசமாகக் கிடைக்கிற பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்கிற லைப்ரரியும்தான் கையில் இருந்தவை. 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியது. அந்த அமைதியில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால், முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே அளவுச் சத்தம். எந்தத் தறியில் ஊடை அறுந்தது என்று வாசலில் உட்கார்ந்தே சொல்லிவிடுகிற அப்பா, எட்டிப் பார்த்து, "நாலு தறி கூட இப்படி ஒண்ணா அடிக்காது சாமி" என்றார்.

அவர் சொன்னது சரி. எல்லாவற்றையும் குவாண்டைஸ் செய்து, அதாவது ஒவ்வொரு நோட்டையும் தாளக் கோட்டில் அச்சாக உட்கார வைத்து, வைத்திருந்தேன். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ எல்லாம் ஒரே கோட்டில் தொடங்கின. அன்றிரவு ஒவ்வொரு நோட்டையும் 10, 20 மில்லிசெகண்ட் முன்னே பின்னே தள்ளினேன். அப்புறம் மாடுலேஷன் வீல், கீபோர்டில் இருக்கிற சின்னச் சக்கரம். 0 முதல் 127 வரை போகும், டிஸ்கவரில் வாசிப்பின் அழுத்தம் அதில்தான் இருக்கிறது, நான் பாட்டு முழுக்க 100-லேயே விட்டிருக்கிறேன்! நீண்ட நோட்டுகளில் 40-லிருந்து 90 வரை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பதிந்தேன். ஒன்றில் பதிந்ததை மற்றதில் காப்பி போடாதீர்கள், அங்கேதான் மறுபடியும் கீபோர்டு ஆகிவிடும். எட்டு பார் (தாளச் சுற்று) முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

பெரிய லைப்ரரியே வீண் என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வராதீர்கள். ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு இடைவெளியில்லாமல் வழுக்கிப் போகிற லெகாட்டோ டிஸ்கவரில் கிடையாது, அது வேண்டுமென்றால் காசு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் "முதலில் அரை லட்சத்துக்கு வாங்கு" என்று யாராவது எழுதினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்பா நெய்து கொடுத்த துணிக்கு, ஒத்துக்கொண்ட கூலியையே ஒருத்தர் இன்னும் முழுசாகத் தரவில்லை. கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் வயலினும் செல்லோவும் மட்டும் வைத்து எட்டு பார் செய்து பாருங்கள். ஹெட்போனில் முடிவு செய்யாதீர்கள். நான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் வரை காத்திருந்துதான் கேட்கிறேன்.