எபாக்சி ரெசின் கலக்கும்போது கப் கொதித்துப் புகைவது ஏன்? வீட்டில் வைத்துச் செய்யலாமா?

அரை லிட்டர் எபாக்சி ரெசினை (ஹார்டனர் என்ற திரவம் கலந்ததும் கெட்டியாக இறுகும் பிசின்) பிளாஸ்டிக் கப்பில் கலந்து வைத்தீர்கள், கொஞ்ச நேரத்தில் கப் நெளிந்து புகை வந்தது, ரெசின் மட்டமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். ரெசினில் குறை இல்லை. அவ்வளவையும் ஒரே கப்பில் தேக்கி வைத்ததுதான் காரணம்.

ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகும்போது வெப்பம் வரும். அது வெளியேற வழியில்லையென்றால் கலவைக்குள்ளேயே தங்கும். சூடு ஏறினால் வினை வேகமாகும், வினை வேகமானால் சூடு இன்னும் ஏறும். வேகமாக இறுகும் ரகங்களில் கப்பின் நடுப்பகுதி 150 டிகிரியைத் தாண்டிவிடும். சுடுசோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றுகிறோமே, அதே கணக்குதான் இதற்கும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரவிய ரெசின் அமைதியாக இறுகும். அதே அளவு குறுகலான கப்பில் இருந்தால் கொதிக்கும்.

டப்பாவில் ‘பாட் லைஃப் 30 நிமிடம்’ (கலந்த ரெசின் ஊற்றும் பதத்தில் இருக்கும் நேரம்) என்று போட்டிருந்தால், பெரும்பாலும் 100 கிராம் கலவையை 25 டிகிரியில் வைத்துப் பார்த்த நேரம் அது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும். சென்னையில் மே மாத மதியம் மொட்டை மாடி ஷெட்டில் அரை லிட்டர் கலந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கோடையில் விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன அளவாகக் கலந்து, கலந்ததும் ஊற்றிவிடுங்கள். ரிவர் டேபிள் (மரப்பலகைகளுக்கு நடுவே ஆறு போல ரெசின் ஊற்றிய மேசை) மாதிரி ஆழமாக ஊற்றுவதற்கென்றே மெதுவாக இறுகும் ரெசின் தனியாக வருகிறது. மேசை மேல் மெல்லிய பூச்சாக ஊற்றும் டேபிள் டாப் ரகத்தை ஒரே ஊற்றாக இரண்டு அங்குலத்துக்கு ஊற்றாதீர்கள். ஒரு அடுக்கு இறுகிச் சூடு தணிந்த பிறகே அடுத்தது.

ஃபைபர் கிளாஸ் பட்டறைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே புழங்கும் பாலியெஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்டை (இறுகலைத் தொடங்கி வைக்கும் திரவம்) கொஞ்சம் கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிக்கட்டுவார்கள். எபாக்சியில் அது நடக்காது. உதாரணமாக, அரால்டைட் பிராண்டின் எல்.ஒய். 556 ரெசினுக்கு எச்.ஒய். 951 ஹார்டனர் என்றால் எடைக்கணக்கில் 100-க்கு 10, அவ்வளவுதான். அதிகம் விட்டால் மிஞ்சிய ஹார்டனர் இறுகாமல் உள்ளேயே நிற்கும்.

கப் கைக்குச் சுட ஆரம்பித்து, ரெசின் மஞ்சளடித்து, நடுவில் பொடிக் குமிழிகள் எழும்பினால் அது கைமீறப் போகிறது. இன்னும் இளகலாக இருந்தால் உடனே பழைய தட்டிலோ பாலித்தீன் விரிப்பிலோ பரப்பிவிடுங்கள். புகையே வந்துவிட்டால் இடுக்கியால் பிடித்து வெளியே மண் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மூடி போடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். மரத்தூள், காகிதம் கிடக்கும் குப்பைத் தொட்டியில் போடவே கூடாது, தீப்பிடிக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் வேறு நச்சு வாயுக்களும் இருக்கும். மாஸ்க்கை நம்பிப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் புகையைவிட ஹார்டனர்தான் பயம். புகையைப் பார்த்தால் எல்லோரும் விலகிவிடுவார்கள். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, சில ரகங்களில் வாசனைகூடப் பெரிதாக வராது. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி வெறும் கையோடு கலப்பான், ஒட்டியதைத் தின்னர் போட்டுத் துடைப்பான். முதலில் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு காலையில் எழுந்தால் இமை இரண்டும் வீங்கியிருக்கும். இப்போது ரெசின் திறந்திருக்கும் அறைக்குள் வந்தாலே அவனுக்கு முகம் தடிக்கிறது, தொழிலையே விட்டுவிட்டான். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. தின்னரும் அசிட்டோனும் ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் இறக்கிவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள். அதையும் மீறிப் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும்.

வீட்டில் செய்யலாம், ஆனால் சமையலறையிலும் ஏசி அறையிலும் வேண்டாம். ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும். ஒரு ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும்படி ஃபேன் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து, ரெசின் ஜன்னல் பக்கமும் நீங்கள் கதவுப் பக்கமும் இருக்கும்படி நடுவில் நில்லுங்கள். ஆவி உங்கள் முகத்தைக் கடக்காமல் வெளியே போக வேண்டும். என்95 தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். என்95 உதவுவது பின்னால் உப்புத்தாள் தேய்க்கும்போது. அதுவும் ரெசின் முழுதாக இறுகிய பிறகு, முடிந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. அரைகுறையாக இறுகியதன் தூசியும் ஒவ்வாமையைக் கிளப்பும்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்டனர் பாட்டிலைத் திறக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரை 15 நிமிடமாவது விட்டுக் கழுவிவிட்டு, பாட்டில் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.