ஜப்பான் அரிசி ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் இரண்டு பொட்டலம் அரிசி கொண்டுவந்தான். ஒன்று சாப்பாட்டு அரிசி, மற்றது மோச்சி என்ற ஒட்டும் பலகாரம் செய்யும் அரிசி. தண்ணீரை எவ்வளவு குறைத்தாலும் முதலாவது ஒட்டுகிறது. இரண்டாவது குக்கரில் களியாகிவிடுகிறது. நம் அரிசியில் உள்ள ஏதோ ஒரு மரபணு அவற்றில் இல்லையோ?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இருக்கிறது அம்மா, மூன்றிலும் இருக்கிறது. அதன் பெயர் வாக்ஸி. அமைலோஸ் என்ற மாவுச்சத்தைச் செய்யும் நொதிக்கான குறிப்பு அதில்தான் உள்ளது. நெல்லின் இலையிலும் இந்த மரபணு உண்டு. ஆனால் அங்கே தூங்கும். இலை தன் தேவைக்கு வேறொன்றை வைத்திருக்கிறது. பூத்துச் சில நாள் கழித்து, கதிர் பால் பிடிக்கும்போதுதான் மணிக்குள் வாக்ஸி மும்முரமாக வேலை செய்யும்.

அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரும், குறைந்தால் ஒட்டும். நம் அரிசிகளில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஜப்பானியச் சாப்பாட்டு அரிசியில் 15 முதல் 20 வரை. மோச்சி அரிசியில் ஏறக்குறைய பூஜ்யம்.

மரபணுவைச் செல் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். அந்தப் படியில் வேண்டாத துண்டுகளும் சேர்ந்தே வரும். அவற்றை வெட்டி எறிந்து மீதியை ஒட்டவேண்டும். வெட்டுமிடத்துக்கு அடையாளம் மரபணுவில் அடுத்தடுத்து வரும் ஜி, டி என்ற இரண்டு எழுத்துகள். ஜப்பான் நெல்லில் முதல் வேண்டாத துண்டின் தொடக்கத்தில் ஜி என்ற எழுத்து டி என்று மாறிவிட்டது. கத்தரி தடுமாறுகிறது, பெரும்பாலான படிகள் வீணாகின்றன, நொதியும் குறைகிறது. அரசுக் கல்லூரியில் முப்பது ஆண்டு தாவரவியல் விடைத்தாள் திருத்தியவன் நான். ஓர் எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண்ணுக்கு மேல் குறைத்ததில்லை. நெல் என்னைவிடக் கறார்!

இன்னும் வேடிக்கை, குளிரில் அந்தக் கத்தரி சற்று ஒழுங்காக வெட்டும். அதனால்தான் ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் விளைந்த அரிசியில் அமைலோஸ் கூடி, ஒட்டும் தன்மை குறைந்தது. ருசியில்லை என்று அந்நாட்டார் வெகுகாலம் அதை ஒதுக்கிவைத்தார்கள். பிறகு அமைலோஸ் குறைந்த புது ரகங்களை உருவாக்கித்தான் அந்தப் பெயரைப் போக்கவேண்டியிருந்தது. நமக்கோ உதிர்ந்தால்தான் சோறு.

மோச்சி அரிசியின் கதை வேறு. வாக்ஸிக்குள் 23 எழுத்துகள் இரண்டு முறை வந்துவிட்டன. அதற்கு மேல் வாசிப்பு தடம் புரள்கிறது. உருப்படியான நொதி உருவாவதே இல்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். அரிசியைக் குறுக்கே நறுக்கி, தண்ணீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நம் அரிசி கருநீலமாகும், மோச்சி அரிசி செம்பழுப்பாகும். ஜப்பான் சாப்பாட்டு அரிசியும் நீலமாகத்தான் மாறும். என் பதில் தவறு என்று அதைப் பார்த்துக் கடிதம் எழுதிவிடாதீர்கள். நீலத்துக்கு அந்த 15 சதவீதமே தாராளம். மோச்சி அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, இட்லிப் பானையில் துணி விரித்து ஆவியில் வேகவையுங்கள். குக்கர் வேண்டாம்.